திரும்பக் கொட்டுகிறவள்

எம். புதுப்பட்டிக்கு மேற்கே, பருத்திக் காடு முடிந்து கல்லும் உடைமரமும் தொடங்குகிற இடத்தில் அந்தப் பயராபீஸ் இருந்தது. பலகையில் பட்டாசுக் கம்பெனி என்று எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் வருவது பயராபீஸ்தான். முருகம்மாள் அங்கே பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், செய்கிற ரூமுக்கு மேஸ்திரி. மேஸ்திரி என்றதும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏவல் செய்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. மற்றவர்களுக்கு முன்னால் வந்து, வெடிமருந்துக்கு வேண்டிய சரக்கை ஸ்டோரில் வாங்கி, கலந்து, தன் ரூம் பெண்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, அவர்களோடு தானும் உட்கார்ந்து சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். சரக்கு வந்து சேரவில்லை என்றால் திட்டு வாங்குகிறவளும் அவள்தான். அந்தத் திட்டை யாராவது ஒருத்தர் வாங்கியாக வேண்டும் என்பதற்காகவே மேஸ்திரி என்று ஒரு பேரை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அதற்கு முன்னால் அவள் ஊரில் நிலமுள்ள பெத்தணன் வீட்டுப் பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெட்டியதும் அதே காட்டில்தான். ஐம்பதுகளின் நடுவில் மழை நன்றாக ஏமாற்றிய ஒரு வருஷம், பெத்தணனே காட்டை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பயராபீஸில் சரவெடி ரூமுக்கு மேஸ்திரியாக வந்துவிட்டார். பின்னாலேயே காட்டில் வேலை செய்தவர்களும் வந்தார்கள். முருகம்மாளின் புருஷன் சங்கிலிமுத்து கிணறு வெட்டப் போய் இடுப்பைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். கை கறுத்தது, தும்மினால் மூக்கிலிருந்து வெள்ளிப் பொடி வந்தது. இருந்தாலும் நிழல். அவள் கைச் சுறுசுறுப்பைப் பார்த்து நாலைந்து வருஷத்தில் ஒரு ரூமை அவளிடம் கொடுத்தார்கள். அவள் தெருவிலிருந்து போனவர்களில் ரூம் வாங்கிய முதல் ஆள் அவள். அது பெத்தணனுக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரக்கெல்லாம் ஸ்டோரில் இருக்கும். ஸ்டோருக்குப் பொறுப்பு ராக்கப்பன். நல்ல மனுஷர், சத்தம் போட்டால் பயப்படுகிறவர். ஸ்டோர் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, கரித்தூள் எவ்வளவு என்று அதில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். ஆரம்பத்தில் பூட்டாவது சாவியாவது! வேண்டியவர்கள் உள்ளே போனார்கள், அள்ளினார்கள், நிறுத்தார்கள், பலகையில் அழித்து எழுதினார்கள். ஒருத்தர் அள்ளிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் பலகையைப் பார்த்துவிட்டுத் தன் ரூமுக்கு ஓடுவார். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. வேலை பறந்தது.

ஒரு சீசனில் அது பல்லைக் காட்டியது. புதிதாக வந்திறங்கிய உப்பு மூட்டைகளை ராக்கப்பன் பலகையில் ஏற்றி எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே அத்தனையும் ஈரம். வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு எழுதியதை அழித்தார். எழுதியதற்கும் அழித்ததற்கும் நடுவில் சரவெடி ரூம் ஆள் ஒருத்தர் பலகையைப் பார்த்துவிட்டார். இல்லாத உப்பை நம்பி அங்கே கரியும் கந்தகமும் பெரிய லோடுக்குத் தயாராகிவிட்டது. உப்பு போதவில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றினார்கள். மதுரைக் கடைக்காரர்கள் கொளுத்திப் பார்த்தால் சரம் நாலு வெடி வெடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. லோடு அப்படியே திரும்பி வந்தது. முதலாளி ராக்கப்பனை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் அவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்துதான் சட்டங்கள் வந்தன. உப்பு ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். சாவியை எடுக்கிறவர் அது தொங்குகிற ஆணியில் தன் வில்லையை மாட்டிவிட்டு எடுக்க வேண்டும், வேலை முடிந்து சாவி திரும்ப வந்த பிறகுதான் பலகையில் எழுத வேண்டும், எழுதிய பிறகுதான் அடுத்தவர் பார்க்க வேண்டும். பொய்யான உப்பை யாரும் பார்ப்பது நின்றது. ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. காலையில் பார்த்தபோது பலகையில் இருந்த சரக்கு, ரூமுக்குப் போய் ஆட்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் இருக்காது. நடுவில் வேறு ரூம் வாங்கிப் போயிருக்கும். அதனால் பார்த்த கையோடு மூட்டையிலேயே வில்லையை மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். தனக்கு வேண்டும்வரை மாட்டியே கிடக்கும். மூட்டை இருக்கும், தொட முடியாது. பாதி ரூம்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தாராளமாக விட்டால் தப்பு நடக்கிறது, இறுக்கிப் பிடித்தால் வேலை நடக்கவில்லை. ராக்கப்பன் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே நரைத்துப் போனார்.

அந்த நேரம் பார்த்து வீசையும் ராத்தலும் போய்க் கிலோ வந்தது. முத்திரை போட்ட புதுப் படிக்கல்லும் பித்தளைத் தராசும் ஒரே ஒரு ஜோடிதான் வாங்கினார்கள். இன்னொன்று வாங்கலாம் என்று ராக்கப்பன் சொன்னபோது முதலாளி காது கேட்காத மாதிரி போய்விட்டார். ஆக, தராசுக்கும் ஒரு ஆணி, அதற்கும் ரூமுக்கு ஒரு தனி வில்லை. மருந்து செய்ய சாவியும் வேண்டும், தராசும் வேண்டும். கையில் எடுத்ததை வேலை முடியும்வரை திரும்ப மாட்டத் தேவையில்லை.

இங்கேதான் முருகம்மாளுடைய காலம் கெட்டது.

பூச்சட்டிக்கு உப்பு மாவு மாதிரி இருக்க வேண்டும். அதனால் அவள் முதலில் சாவியை எடுத்து, உப்பு ரூமில் உட்கார்ந்து கட்டியை உடைத்துச் சலிப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தராசு. சரவெடிக்காரரான பெத்தணன் முதலில் தராசை எடுத்துத் தாழ்வாரத்தில் கரியையும் கந்தகத்தையும் நிறுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உப்பு ரூம் சாவி. இவள் சலித்து முடித்து வெளியே வந்தால் தராசு அவரிடம். அவர் நிறுத்து முடித்துத் திரும்பினால் சாவி இவளிடம். இவள் சாவியை விட்டால் சலித்த உப்பு போச்சு. அவர் தராசை விட்டால் நிறுத்தது போச்சு. இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவருக்கும் பின்னால் மற்ற ரூம்காரர்கள் நிற்பார்கள். கிழக்கே வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும். வெயில் உறைத்துவிட்டால் அன்றைக்கு மருந்து கலக்கக் கூடாது, அது எல்லாவற்றுக்கும் மேலான சட்டம்.

ராக்கப்பன் வந்து இரண்டு பேரையும் பார்ப்பார். அவர் கையில் ஒரு நியாயம் இருந்தது. யார் வேலை முன்னே போயிருக்கிறதோ அவர் முடிக்கட்டும், பின்னே இருக்கிறவர் விட்டுக்கொடுக்கட்டும் என்பதுதான் அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"ஏத்தா முருகம்மா, அவரு கரியும் கந்தகமும் நிறுத்துட்டாரு. நீ இன்னும் ஒண்ணும் நிறுக்கலயே. விட்டுரு. அவரு முடிச்சதும் உனக்குத்தான்."

"சரிங்கய்யா" என்பாள்.

அவள் சலித்தது அவர் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை. தராசில் ஏறினால்தானே கணக்கு! விட்டுக்கொடுப்பது என்றால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது மட்டுமில்லை. திறந்த சரக்கைத் திறந்தபடி விட்டுப் போகக் கூடாது. சலித்த உப்பை மூட்டையில் திரும்பக் கொட்டி, வாயைக் கட்டி, உட்கார்ந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். தூசி எழாமல், மூட்டையின் ஓரத்தோடு ஓரமாக, கையைத் தாழ்த்திக் கொட்ட வேண்டும். அள்ளுவதைவிட அதற்கு நேரமாகும். மறுபடி திறக்கும்போது உப்பு மறுபடி கட்டி பிடித்திருக்கும், மறுபடி உடைக்க வேண்டும். இவளுக்கு முறை வந்து பாதி கலப்பதற்குள் வெயில் உறைத்துவிடும். அரை மருந்தோடு ரூமுக்குப் போவாள். பெண்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சட்டிக்குத்தானே கூலி!

ஒரு நாள் விட்டுக்கொடுத்ததோடு போயிற்றா? அதுவும் இல்லை. விட்ட வேலையை ஈடுகட்ட அவள் பொழுது சாய்ந்தும் இருந்து சட்டிகளைச் சரிபார்த்து வைத்துவிட்டுப் போவாள். போய் சங்கிலிமுத்துவுக்கு வெந்நீர் ஒத்தடம், சோறு, பாத்திரம். மறுநாள் எழும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் பிந்தி வருவாள். பிந்தி வந்ததால் சலிப்பதும் பிந்தும். பிந்தியதால் முட்டிக்கொள்கிறபோது அவள்தான் பின்னே இருப்பாள். பின்னே இருப்பதால் அவளேதான் விட வேண்டும். நேற்று விட்டவள் என்பதே இன்றைக்கு விடுவதற்குக் காரணமாகப் போயிற்று. இதை அவள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, உடம்பு கண்டுபிடித்தது.

ஒருமுறை வாய் திறந்து பார்த்தாள். "எல்லாரும் மொதல்ல சாவிய எடுத்துக்கிட்டு, அப்புறமாத் தராசத் தொட்டா இந்த முட்டலே வராதேய்யா?"

பெத்தணன் தாழ்வாரத்திலிருந்தே பதில் சொன்னார். "உப்பைத் தெறந்து போட்டுட்டு நான் கரிய நிறுத்துக்கிட்டு இருந்தா உப்பு ஈரம் குடிக்காதாக்கும்? எஞ்சரம் வெடிக்கலேன்னா நீ வந்து வாயால வெடிப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். முருகம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கேவலம். சரி, நாமே மாற்றிக்கொள்வோம் என்று அவள் தராசை முதலில் எடுத்துப் பார்த்தாள். அவள் உப்பு சலித்து முடிக்கும்வரை தராசு அவள் பக்கத்தில் சும்மா கிடந்தது. மற்ற ரூம்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டு அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். நாலாம் நாள் பழையபடிக்கே திரும்பிவிட்டாள்.

அறுபத்திரண்டாம் வருஷச் சீசன். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. முதலாளி மேஸ்திரிகளைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். லாரி வருகிற அன்றைக்கு எந்த ரூம் லோடு குறைகிறதோ அந்த ரூமைத் தீபாவளியோடு பிடுங்கிப் பெத்தணனிடம் கொடுத்துவிடப் போவதாக. அவரிடம் கொடுத்தால் வேலை ஓடுகிறது என்றார். ஓடாதா பின்னே!

ரூம் போய்விட்டால் என்ன என்று முருகம்மாளுக்குத் தெரியும். இளவட்டப் பெண்களைப் பெத்தணன் சேர்த்துக்கொள்வார். அவளைச் சேர்க்க மாட்டார். அவர் வீட்டுக் காடு இருக்கிறது, களை இருக்கிறது, அவள் அம்மா பிடித்த களைக்கொத்தும்கூட எங்கேயாவது கிடக்கும். சங்கிலிமுத்துவின் மருந்துச் செலவுக்குக் களைக் கூலி காணாது. அதைவிடப் பெரிய பயம், மறுபடி அந்த வெயில். குனிந்தால் நிமிர முடியாத அந்த மத்தியானங்கள்.

ரூமில் அவளுக்கு அடுத்தபடி கை ஓடுகிறவள் தங்கத்தாய். துடியான பெண், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"யக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடாத. நீ இன்னிக்கும் விட்டுட்டு அரை மருந்தோட வந்தேன்னா நாங்க லாரி வரக் காத்திருக்க மாட்டோம். இப்பவே பெத்தணன் ரூமுக்குப் போயிருதோம். எம்புட்டு நாளைக்குத்தான் வெறுங்கையோட உக்காந்திருக்க?"

"போங்கத்தா. நான் யாரு உங்களைத் தடுக்க" என்றாள் முருகம்மாள். அப்படிச் சொல்லிவிட்டு ஸ்டோருக்கு நடந்தவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கும் முட்டிக்கொண்டது. சாவி அவளிடம், தராசு பெத்தணனிடம். ராக்கப்பன் வந்தார், வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார்.

"விட்டுரு முருகம்மா."

அவள் உப்பு ரூம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாவி இடுப்பில் செருகியிருந்தது. சரிங்கய்யா என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், காலும் வரவில்லை.

"எனக்கு எந்திரிக்க ஏலலய்யா" என்றாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஏலல, அம்புட்டுத்தான்."

வீம்பு என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். வீம்புக்கெல்லாம் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. மறுபடி அந்த உப்பை ஓரத்தோடு ஓரமாகக் கொட்டி, வாயைக் கட்டி, தரையைத் துடைப்பதை நினைத்தபோது உள்ளே ஏதோ படுத்துக்கொண்டுவிட்டது. ராக்கப்பன் கெஞ்சினார், அதட்டினார், வாசலுக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்தார். பெத்தணன் தராசுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற ரூம்காரர்கள் முதலில் அவளைத் திட்டினார்கள், பிறகு ராக்கப்பனைத் திட்டினார்கள். வெயில் ஓட்டுக்கு மேலே வந்ததும் பெத்தணனைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் ரூம் பெண்களே வந்து, "இன்னிக்கு எங்க கூலிக்கு யாரு சாமி பதிலு?" என்று சத்தம் போட்டார்கள்.

பெத்தணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்தா, எடுத்துக்கிடச் சொல்லு" என்று கந்தகத் தட்டைத் தூக்கினார். நிறுத்த சரக்கைத் திரும்பக் கொட்டிவிட்டுத்தானே தராசைக் கொடுக்க வேண்டும்? அந்த மனுஷர் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் திரும்பக் கொட்டியதில்லை. சரக்கை அள்ளித் தரவும் ஆள் வைத்திருந்தார், அதனால் எந்த மூட்டை எங்கே இருக்கும், எப்படிக் கொட்டுவது, ஒன்றும் தெரியாது. கோபம் வேறு. விறுவிறு என்று வந்தவர் கண்ணில் பட்டது வாய் திறந்திருந்த ஒரே மூட்டை, முருகம்மாள் சலிப்பதற்காகப் பிரித்து வைத்திருந்த உப்பு மூட்டை. தட்டை அதன்மேல் சரிக்கப் போனார்.

எழுந்திருக்க முடியாதவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெத்தணனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

உப்போடு கந்தகம் ஒரே மூட்டையில் விழுந்து, அடுத்து கரித்தட்டும் வந்திருந்தால், நாளைக்கு அந்த மூட்டைக்குள் முறத்தை விட்டுக் கிண்டுகிறவள் என்ன ஆவாள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பெத்தணன் வீட்டு ஆள் ஒருத்தர் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் உதறவில்லை.

"குடுங்கய்யா, நான் கொட்டுதேன்" என்று தட்டை வாங்கினாள். கந்தகத்தைக் கந்தக மூட்டையிலும் கரியைக் கரி மூட்டையிலும் தூசி எழாமல் கொட்டி, வாய் கட்டி, துடைத்தாள். அவள் அவசரப்படவில்லை. அந்த வேலையில் அவசரப்பட முடியாது. எல்லாம் முடிந்து தராசு அவள் கைக்கு வந்தபோது வெயில் தாழ்வாரத்துக்குள் இறங்கிவிட்டது. ராக்கப்பன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம் முருகம்மா" என்றார். அவள் சரிங்கய்யா என்றாள்.

ஒரு நாள் முழுக்கப் பயராபீஸில் ஒரு ரூமிலும் மருந்து கலக்கவில்லை. தங்கத்தாயும் மற்றவர்களும் அவளைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டபோது தங்கத்தாய் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போவதாகச் சொன்ன பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ராக்கப்பன் பயந்துபோய் மறுநாளே புதுச் சட்டம் போட்டார். சாவியும் தராசும் ஒரே ஆணியில். எடுத்தால் இரண்டையும் எடு, இல்லையென்றால் ஒன்றையும் தொடாதே. முட்டல் நின்றது. ஆனால் ஒருத்தர் முடிக்கும்வரை மொத்தக் கம்பெனியும் வரிசையில் நின்றது, கடைசி ரூம்களுக்கு முறை வருமுன் வெயில் வந்தது. முதலாளி ஒரு வாரம் பொறுத்தார். பிறகு இரண்டாவது ஆணியை அவரே அடிக்கச் சொன்னார். எல்லாம் பழையபடி ஆயிற்று. லாரி வந்தபோது எல்லா ரூமிலும் கொஞ்சம் குறைந்தது, பூச்சட்டி ரூமில் ரொம்பவே குறைந்தது. தீபாவளியோடு ரூமை விட்டுவிடு என்று முருகம்மாளிடம் சொல்லிவிட்டார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம் ராக்கப்பன் அவள் தெருவுக்கு வந்தார். அவர் அந்தத் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. வேலி ஓரமாக நின்றார். சங்கிலிமுத்து எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் படுத்துக்கொண்டான். முருகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"முருகம்மா, அன்னிக்கு நடந்ததை முதலாளிகிட்ட விவரமாச் சொன்னேன். அவருக்கு வெலவெலத்துப் போச்சு. பாதியில விடுறவக கண்ட மூடையில கொட்டிறக் கூடாதுன்னு, திரும்பக் கொட்டுறதுக்குன்னே ஸ்டோர்ல ஒரு ஆளு போடச் சொல்லிட்டாரு. மாசச் சம்பளம். உன்னைக் கேக்கச் சொன்னாரு. வேற யாருக்கும் அந்தக் கை இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இம்புட்டு வருசமா நாந்தான கொட்டுனேன். அப்பல்லாம் அது வேலையில்லையாய்யா?"

"வேலைதான் தாயி" என்றார் ராக்கப்பன். நல்ல மனுஷர் என்று முதலிலேயே சொன்னேனே, பொய் சொல்ல வரவில்லை.

"ரூமு?" என்று கேட்டாள்.

"அது பெத்தணனுக்குன்னு ஆகிப்போச்சே."

"அப்பக் கொட்டுறதுக்கும் அவரையே வச்சுக்கிடுங்க."

"கோவப்படாத தாயி."

"கோவமெல்லாம் இல்லய்யா. அலுப்பு. ரூமு தங்கத்தா பேருக்கு இருக்கட்டும், எம் பிள்ளைக எல்லாம் அங்கனயே இருக்கட்டும், நான் கொட்ட வாறேன். இன்னொண்ணு. ரெண்டு பேரு முட்டிக்கிட்டு நின்னா, யாரு விடணும்னு நான் சொல்லுவேன். நீங்க சொல்லக் கூடாது."

"முதலாளிகிட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ராக்கப்பன் கிளம்பினார். முதலாளியிடம் அவர் என்ன பேசினார் என்பது தெரியாது. அந்த வாரக் கடைசியில் ஆள் வந்து, கேட்டபடியே ஆகட்டும், வரச் சொன்னார்கள் என்றான்.

பூச்சட்டி ரூமின் வில்லையைத் தங்கத்தாய் கையில் கொடுத்த அன்றைக்கு முருகம்மாளுக்கு அழுகையாக வந்தது. அந்த ரூம் அவளுடையது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும், காப்பாற்றியும் ஆயிற்று, ஆனால் அவள் அதற்குள் இல்லை. ஸ்டோர்த் தாழ்வாரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

ஆட்களை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. முதல் முட்டலில் அவளும் ராக்கப்பனைப் போலவேதான் சொன்னாள். பெத்தணன் எல்லாம் நிறுத்துவிட்டிருந்தார், தங்கத்தாய் பாதி சலித்திருந்தாள். எந்தக் கண்ணுக்கும் தங்கத்தாய் விடுவதுதான் நஷ்டம் குறைவு. "விட்டுரு தங்கத்தா" என்றாள். அடுத்த நாளும் அப்படியே. தங்கத்தாய் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனாள். சலித்த உப்பை முருகம்மாள்தான் திரும்பக் கொட்டினாள். கொட்டும்போது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் நாளும் முட்டிக்கொண்டார்கள். பெத்தணன் கரியையும் கந்தகத்தையும் நிறுத்து வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார். தங்கத்தாய் இடுப்பிலிருந்த சாவியை யாரும் சொல்லாமலே எடுக்கப் போனாள்.

"நீ இருத்தா" என்றாள் முருகம்மாள். பிறகு பெத்தணன் பக்கம் திரும்பினாள். "அய்யா, நேத்தும் முந்தாநாளும் அவ விட்டுட்டா. இன்னிக்கு நீங்க விடுங்க."

அந்த வீட்டு ஆளிடம் அப்படி ஒரு வார்த்தையை அவள் தெருவிலிருந்து யாரும் சொன்னதில்லை. பெத்தணன் ராக்கப்பனைப் பார்த்தார். ராக்கப்பன் கரும்பலகையைப் பார்த்தார்.

"எல்லாம் நிறுத்து முடிச்சாச்சு. தெரியுதுல்ல?" என்றார் பெத்தணன்.

"தெரியுதுய்யா. அதத் திரும்பக் கொட்டுறது எம்புட்டுக் கஷ்டம்னும் எனக்குத் தெரியும். நீங்க கொட்ட வேணாம், நான் கொட்டித் தாரேன்."

சாக்கிலிருந்து எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். பெத்தணன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் குனிந்து, தட்டை எடுத்து, அவள் கையில் வைத்தார்.

அவள் கந்தகத்தைக் கொட்டி, மூட்டை வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது தங்கத்தாய் தராசைத் தூக்கிக்கொண்டு உப்பு ரூமுக்குள் போயிருந்தாள். அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் பூச்சட்டி ரூமுக்கு முழு மருந்தும் போய்ச் சேர்ந்தது.